அணுகுகோடு: மலையகப் பாடசாலைகளில் அதிபரவளைவு - ஒரு விமரிசன நோக்கு

கணிதத்தைத் தமிழ்மொழி மூலம் கற்பித்தல் பற்றி எழும் உரையாடல்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு கருத்துக்குத் தமிழிற் சொல் உண்டா இல்லையா என்பதே முதன்மை வினாவாகிறது. அச்சொல்லின் வழியே மாணவன் அக்கருத்தைச் சென்றடைகிறானா என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. இவ்விரண்டாவது வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு அதிபரவளைவு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். நுவரெலியா, ஹற்றன் ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவரை மனங்கொண்டு நோக்குமிடத்து இதன் முக்கியத்துவம் மேலும் தெளிவாகும்.

அதிபரவளைவு இம்மாணவரிடம் இருமுறை வருகின்றது. முதன்முறை, பத்தாந் தரத்தில் நேர்மாறு விகிதசமன் என்னும் பெயரோடு வருகின்றது. இத்தனை ஆட்கள் ஒரு வேலையை இத்தனை நாட்களிற் செய்வர். ஆட்கள் இருமடங்கானால் நாட்கள் பாதியாகும் என்பது போன்ற மனிதநாட் கணக்காக அது அங்கே அமைகின்றது. அத்தரத்திலேயே வரைபுகள் என்னும் பாடமும் உண்டு. ஆனால் அப்பாடத்தின் கவனம் நேர்கோட்டின் மீதும் பரவளைவின் மீதுமே செல்கின்றது. மனிதநாட் கணக்கை வரைபுத்தாளில் இட்டால் என்ன வடிவம் தோன்றும் என்பது கேட்கப்படாத வினாவாகவே இருந்துவிடுகிறது. இரண்டாம் முறை, உயர்தரக் கணிதத்தில், விகிதமுறு சார்புகளின் வரைபை வரையும்போது அவ்வடிவம் திடீரெனத் தோன்றுகின்றது. அங்கே அணுகுகோடுகள் உண்டு. பிரிந்து நிற்கும் கிளைகள் உண்டு. ஆனால் ஆட்களும் இல்லை, நாட்களும் இல்லை. முன்னையது வளைவில்லாத கணக்கு. பின்னையது கணக்கில்லாத வளைவு. இரண்டும் ஒன்றே என்பதைச் சொல்லும் இடம் பாடத்திட்டத்தின் நடுவே விடுபட்டுள்ளது. தோட்டப்புற மாணவருட் பெரும்பாலோர் உயர்தரக் கணிதப் பிரிவை எட்டாமலே கல்வியை முடித்துக்கொள்கின்றனராதலால், அவர்களுக்கு இவ்வளைவு என்றுமே கண்ணிற் படுவதில்லை.

சொல்லும் பொருளும்

1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் இலங்கையில் தமிழ்மூல அறிவியற் கல்விக்கு அடித்தளமிட்டன. அப்பணியின் பயனை எவரும் மறுத்தல் இயலாது. எனினும், வழக்கில் நிலைத்துவிட்ட சொற்களையும் இடையிடையே உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

'அதிபரவளைவு' என்னுஞ் சொல்லிலுள்ள 'அதி' என்னும் முன்னொட்டு, கிரேக்கப் பெயரின் முன்னொட்டைப் பின்பற்றியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பேர்கா நகரத்து அப்பொலோனியசு கூம்பு வெட்டுகளுக்குப் பெயரிட்டபோது, குறைதல், ஒத்தல், மிகுதல் என்னும் மூன்று நிலைகளை மனத்திற் கொண்டிருந்தார். வளைவின் உச்சியிலிருந்து அச்சின் வழியே அளந்த நீளத்தை, அவ்வளைவுக்கே உரிய ஒரு மாறா நீளத்தாற் பெருக்கினால் ஒரு செவ்வகம் கிடைக்கும். வளைவின் குறுக்களவின் மீது அமைத்த சதுரம் அச்செவ்வகத்துக்குச் சமமாயின் பரவளைவு, குறைந்தால் நீள்வளையம், மிகுந்தால் அதிபரவளைவு. மிகுவது எது, எதனின் மிகுவது என்பது அவர் பெயரீட்டில் அடங்கியிருந்தது. தமிழ்ச்சொல் பெயரை ஏற்றது; காரணத்தை ஏற்கவில்லை. அதனால் மாணவன் 'அதி' என்பதைப் 'பெரிய' என்று கொண்டு, அதிபரவளைவு என்பது இன்னும் அகலமான பரவளைவு என்று எண்ணிவிடுகிறான். வினாத்தாளில் அவன் வரையும் இரண்டு பரவளைவுகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்பதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமெனலாம்.

இதற்கு மாறாக, இலங்கை வழக்கிலுள்ள 'அணுகுகோடு' மிகச் சிறந்த ஆக்கமாகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைத் 'தொலைத்தொடுகோடு' என்கின்றன. முடிவிலியில் வளைவைத் தொடும் கோடு என்னும் பொருளில் அதுவும் பிழையன்று. ஆயினும் 'தொடு' என்னும் வினை, தொடுதல் என்றேனும் நிகழ்ந்துவிடும் என்னும் எதிர்பார்ப்பைத் தொடக்க நிலை மாணவனிடம் தோற்றுவிக்கின்றது. கிரேக்க மூலச்சொல்லின் பொருளோ 'ஒன்றாய்ச் சேராதது' என்பதாகும். 'அணுகுகோடு' என்பது ஊறுகாய், சுடுசோறு என்பன போன்ற வினைத்தொகை. அணுகிய, அணுகுகின்ற, அணுகும் என முக்காலத்தையும் அது தன்னுள் அடக்கி நிற்கின்றது. நெருங்குதல் தொடர்ந்துகொண்டே இருக்கும், என்றும் முடியாது என்னும் கணிதக் கருத்தை இத்துணைச் சுருக்கமாக உணர்த்த வேறு இலக்கண அமைப்பு அரிது. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பாடசாலையில் அடுத்தடுத்த வகுப்பறைகளில் நின்று கற்பிக்கின்றனர். வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாக அணுகுகோட்டைத் தமிழாசிரியரும், அணுகுகோட்டை விளக்க வினைத்தொகையைக் கணித ஆசிரியரும் எடுத்தாளாமை வருந்தத்தக்கதாகும்.

கொழுந்து மலையும் வளைவும்

சொல் எத்துணைச் சிறந்ததாயினும் அது குறிக்கும் பொருள் அனுபவத்தில் இல்லையேல் பயனில்லை. மலையக மாணவனுக்கு இவ்வனுபவம் நிரம்ப உண்டு என்பதும், அது வகுப்பறைக்குள் எடுத்து வரப்படுவதில்லை என்பதுமே இங்கு வலியுறுத்தத்தக்கன.

ஒரு மலையில் ஒரு நாளிற் பறிக்கத்தக்க கொழுந்து 360 கிலோ எனக் கொள்வோம். காலைப் பிரட்டின்போது அம்மலைக்கு அனுப்பப்படுவோர் தொகையை 'அ' எனவும், ஒருவருக்குச் சராசரியாகக் கிடைக்கும் கொழுந்தின் கிலோ அளவை 'இ' எனவும் குறித்தால், அ × இ = 360 என்னும் சமன்பாடு பிறக்கும். 12 பேர் சென்றால் ஒருவருக்கு 30 கிலோ. 15 பேராயின் 24. 20 பேராயின் 18. 24 பேராயின் 15. 30 பேராயின் 12. 36 பேராயின் 10. இப்புள்ளிகளை வரைபுத்தாளிற் குறித்து ஒப்பரவாக இணைத்தால் தோன்றுவது செவ்வக அதிபரவளைவின் ஒரு கிளையேயாகும். ஆட்கள் பெருகப் பெருக வளைவு கிடையச்சை நெருங்கும். ஆனால் இருக்கும் கொழுந்தை எத்தனை பேர் பங்கிட்டாலும் ஒருவர் பங்கு வெறும் சுழியமாவதில்லை. அணுகுகோடு என்பதன் பொருள் இங்கே வெளிப்படையாகிறது.

இவ்வரைபில் மேலுமொரு கோட்டை வரைதல் வேண்டும். முழு நாட்சம்பளம் பெற ஒருவர் பறிக்கவேண்டிய அளவு என்று ஒன்றைத் தோட்டம் விதிக்கும். அவ்வளவு 18 கிலோ எனக் கொண்டால், 18 என்னும் உயரத்திற் கிடையாக வரையும் கோடு வளைவை 20 பேர் என்னும் புள்ளியில் வெட்டும். அப்புள்ளிக்கு இடப்புறத்தில் சராசரிக் கொழுந்து விதித்த அளவுக்கு மேலே நிற்கும். வலப்புறத்தில் கீழே நிற்கும். அம்மலைக்கு 30 பேர் அனுப்பப்பட்டால் சராசரி 12 கிலோவாகும். ஒருவர் இருவர் 18ஐ எட்டலாம். மற்றையோரின் பங்கு அதற்கேற்ப மேலும் குறையும். 30 பேரும் ஒருங்கே எட்டுதல் இயலாது. வெயிற் காலத்திற் கொழுந்து குறைந்து, அம்மலையில் 216 கிலோவே பறிக்கலாம் என்னும் நிலை வந்தால், வளைவு முழுவதும் அச்சுக்களை நோக்கி உள்வாங்கும். 18 கிலோக் கோட்டை அது 12 பேரிலேயே வெட்டிவிடும்.

அளவு குறைந்தோருக்கு 'அரைப்பேர்' போடும் வழக்கத்தை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வரைபு வெறுங் கணக்கன்று. கூடை நிறையாமைக்குக் காரணம் கையின் தளர்ச்சியா, மலைக்கு அனுப்பிய ஆட்டொகையா, பருவத்தின் குறைவா என்பதைப் பிரித்தறியும் கருவி அது. முதலாவது காரணத்தால் ஒரு புள்ளி வளைவுக்குக் கீழே விழும்; இரண்டாவதால் புள்ளி வளைவின் மீதே வலப்புறம் நகரும்; மூன்றாவதால் வளைவே இடம்பெயரும். இம்மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றவன் அதிபரவளைவைக் கற்றவனாவான்.

இவ்வெடுத்துக்காட்டின் எல்லையையும் சுட்டுதல் தகும். ஒருவர் மட்டும் அம்மலைக்குச் சென்றால் அவர் 360 கிலோவையும் பறித்துவிட முடியாது. ஆகவே இடப்புறத்தில் வளைவு மேலெழும் பகுதி உண்மையைக் காட்டுவதன்று. ஆட்டொகை முழுவெண்ணாதலின் புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோடும் ஒரு வசதிக்கானதே. சமன்பாடு எவ்விடம் வரை உலகத்தைச் சொல்கிறது, எவ்விடத்திலிருந்து தன்னைத்தானே சொல்கிறது என்னும் இவ்வினாவும் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

வளைவை விடுத்துக் கணக்கை மட்டும் கொண்டு செல்லுதல் புதியதொரு குறைபாடன்று. இந்தியக் கணித மரபிலேயே இதற்கு உயர்ந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. ஓர் எண்ணின் வர்க்கத்தை ஒரு குறித்த தொகையாற் பெருக்கி ஒன்று கூட்டினால் மற்றோர் எண்ணின் வர்க்கம் கிடைக்குமாறு முழுவெண்களைக் காணும் சிக்கலை 628இல் பிரமகுப்தர் ஆராய்ந்தார். பெருக்குந் தொகை 61 ஆகும்போது கிடைக்கும் மிகச்சிறிய விடைகளான 226153980, 1766319049 என்பனவற்றை 12ஆம் நூற்றாண்டிற் பாஸ்கரர் தந்தார். அவை அதிபரவளைவொன்றின் மீது கிடக்கும் புள்ளிகள். ஆனால் அவ்வளைவு அவர்கள் முன் இருக்கவில்லை. அப்பொலோனியசிடமோ வளைவு இருந்தது. இன்றைய சமன்பாடு இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் டேக்காட்டும் ஃபேர்மாவும் ஆள்கூற்று முறையை அமைத்த பின்னரே சமன்பாடும் வளைவும் ஒரே தாளிற் சந்தித்தன. அச்சந்திப்பின் பயனைப் பத்தாந் தர மாணவனுக்கு மறுப்பது, அவனைப் பல நூற்றாண்டுகள் பின்னே நிறுத்துவதை ஒக்கும்.

வரைதலில் நேரும் வழுக்கள்

உயர்தர வகுப்பில் அதிபரவளைவை வரையும் முறை பெரும்பாலும் மனனஞ் செய்யவேண்டிய படிமுறையாகத் தரப்படுகின்றது. (அ² ÷ 16) − (இ² ÷ 9) = 1 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். கிடையாக 4, நிலைக்குத்தாக 3 என இருபுறமும் அளந்து ஒரு செவ்வகம் அமைக்க, அதன் மூலைவிட்டங்களை நீட்டுக, அவையே அணுகுகோடுகள், கிடையச்சில் மையத்துக்கு இருபுறமும் 4 அலகு தூரத்தில் உச்சிகள், 5 அலகு தூரத்திற் குவியங்கள். முறை சரியானதே. ஆனால் 'ஏன்' என்னும் வினாவுக்கு இதில் இடமில்லை.

விடைகள் எளியவை. அ² என்பது 16 × (1 + இ² ÷ 9) ஆதலால் அது 16இலுங் குறைதல் இயலாது. எனவே −4க்கும் 4க்கும் இடையே வளைவுக்கு இடமில்லை. கிளைகள் இரண்டாகப் பிரிவது இதனாலேயே. இனி, 'அ' மிகப் பெரிதாகும்போது சமன்பாட்டின் வலப்புறத்திலுள்ள 1 பொருட்படுத்தத்தகாத சிறு தொகையாகிவிடும். அதனை நீக்கினால் எஞ்சுவது இ = ±(3 ÷ 4) × அ என்னும் இரு நேர்கோடுகள். அ = 10 ஆகும்போது வளைவுக்கும் கோட்டுக்கும் நிலைக்குத்து இடைவெளி ஏறத்தாழ 0.63, 20இல் 0.30; 40இல் 0.15. தூரம் இருமடங்காக இடைவெளி ஏறக்குறையப் பாதியாகிறது. ஆயினும் அது ஒருபோதும் சுழியமாவதில்லை. இவ்வெண்களை மாணவன் தானே கணித்துக் கண்டால், பரவளைவுக்கும் அதிபரவளைவுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் அவனுக்குக் கூறவேண்டியதில்லை. பரவளைவு எந்த நேர்கோட்டையும் இவ்வாறு அணுகுவதில்லை.

மாணவர் வரைபுகளில் நேரும் வழுக்களும் இதே இடத்தில் வேர்கொண்டவை. 1, 2, 3 எனச் சம இடைவெளியில் மட்டும் பெறுமானங்களை எடுப்பதால் சுழியத்துக்கு அண்மையில் வளைவு செங்குத்தாக எழுவது மறைந்துபோகிறது. −1க்கும் 1க்கும் உரிய புள்ளிகளை அடிமட்டத்தால் இணைப்பதால், சார்பு வரையறுக்கப்படாத இடத்தின் ஊடாகவே கோடு செல்கிறது. வளைவின் முனைகளை அணுகுகோட்டிலிருந்து வெளியே விலக்கி வரைவதால் அதிபரவளைவு பரவளைவாகிவிடுகிறது. இவற்றைக் கைத்திறனின் குறைகளாகக் கொண்டு புள்ளி குறைப்பது எளிது. உண்மையில் இவை கருத்தின் குறைகளாகும்.

பத்தாந் தரத்து அ × இ = 360 என்பதும் உயர்தரத்து வர்க்க வேறுபாட்டுச் சமன்பாடும் ஒன்றே என்பதைக் காட்டும் பாலம் மிகச் சிறியது. அச்சுக்களை 45 பாகை திருப்பினால் முன்னையது, புதிய ஆள்கூறுகளின் வர்க்கங்களின் வேறுபாடு 720 என்னும் வடிவம் பெறும். கொழுந்து மலையின் வளைவே சாய்ந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உயர்தர நூலின் வளைவாகிறது. ஒரு பாடவேளையிற் செய்து முடிக்கத்தக்க இப்பயிற்சி இரு பாடங்களையும் பிணைத்துவிடும்.

நிழல் வரையும் கிளைகள்

கொழுந்துக் கணக்கில் ஒரு கிளையே உண்டு. குறையெண்ணிக்கையில் ஆட்கள் இல்லை. மற்றக் கிளைக்கு உலகில் இடமுண்டா என்று மாணவன் கேட்பது நியாயமானதே. இதற்குரிய விடையும் மலையகத்துப் பாடசாலை மைதானத்திலேயே கிடைக்கின்றது.

சமதரையில் ஒரு மீற்றர் உயரமான கோலொன்றை நிலைக்குத்தாக நட்டு, அதன் நுனியின் நிழல் விழும் இடத்தைக் காலையிலிருந்து மாலைவரை அரைமணிக்கொருமுறை குறித்தால், அப்புள்ளிகள் ஓர் அதிபரவளைவின் மீது அமையும். சூரியக் கதிர்கள் கோலின் நுனியை உச்சியாகக் கொண்ட கூம்பொன்றை அன்று முழுவதும் வரைகின்றன. தரை அக்கூம்பை வெட்டும் தளமாகின்றது. அப்பொலோனியசின் வரையறை இங்கே மண்ணில் நிகழ்கின்றது. நுவரெலியாவும் ஹற்றனும் வட அகலக்கோடு 7 பாகைக்கு அண்மையில் இருப்பதால், ஆண்டின் ஏறக்குறைய எல்லா நாட்களிலும் இவ்வெட்டு அதிபரவளைவாகவே அமையும். இரவும் பகலும் சமமாகும் மார்ச்சு, செப்டெம்பர் மாதத்து நாட்களில் மட்டும் அது கிழக்கு மேற்காக ஓடும் நேர்கோடாகிவிடும்.

டிசெம்பர் 22ஆம் நாளளவில் நண்பகல் நிழல் கோலுக்கு வடக்கே ஏறத்தாழ 59 சதமமீற்றர் தூரத்தில் விழும்; வளைவு வடக்கு நோக்கி விரியும். யூன் 21ஆம் நாளளவில் நிழல் தெற்கே ஏறத்தாழ 29 சதமமீற்றரில் விழும்; வளைவு தெற்கு நோக்கி விரியும். இவ்விரு வளைவுகளும் வெவ்வேறானவையல்ல. ஒரே அதிபரவளைவின் இரு கிளைகள். நுனியின் மேலும் கீழுமாக விரியும் இரட்டைக் கூம்பின் ஒரு பாதி மார்கழியிலும் மறுபாதி ஆனியிலும் தரையை வெட்டுகின்றன. அதன் மையவகற்சித்திறன் ஏறத்தாழ 2.5 ஆகும். அணுகுகோடுகளின் திசைகளோ அந்நாட்களில் சூரியன் உதிக்கும், மறையும் திசைகளாகும். உதயவேளையில் நிழல் எல்லையின்றி நீள்வதும், வளைவு அணுகுகோட்டை நோக்கி எல்லையின்றி ஓடுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பெயர்களே.

யூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் இச்சோதனையைத் தடுக்கும் எனலாம். அதற்கு மாற்று உண்டு. மார்ச்சுச் சமவிரவு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் ஒரு நாளும், அதேயளவு பின்னர் ஒரு நாளும் தெரிந்துகொண்டால், அவ்விரு நாட்களின் நிழல்வழிகளும் ஒரே அதிபரவளைவின் இரு கிளைகளாகவே அமையும். மலைச்சரிவுகள் உதயத்தையும் மறைவையும் மறைப்பதால் வளைவின் முனைகள் கிட்டா. ஆனால் கிடைத்த புள்ளிகளிலிருந்து முனைகளின் போக்கை உய்த்தறிவதே அணுகுகோட்டை விளங்கிக்கொள்வதாகும். ஒரு கோல், சில முளைகள், ஒரு நூல், ஓர் அளவுநாடா என்பவற்றுக்கு மேல் இதற்கு எதுவும் வேண்டியதில்லை.

முடிபு

இவ்வாறு கற்பித்தற்கு எதிராகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்பது ஒன்று. மலையகப் பாடசாலைகளிற் கணித, விஞ்ஞான ஆசிரியர் போதாமை மற்றொன்று. இரண்டாவது காரணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இலவசக் கல்வி 1945இல் நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகங்களின் கீழேயே இருந்தன. ஓராசிரியர், ஒரே மண்டபம், தொடக்க வகுப்புகள் என்பதே அவற்றுட் பலவற்றின் நிலை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. கணித உயர்தர வகுப்பு வேரூன்றுவதற்கு இன்றியமையாத ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இக்குறையை ஒரு வரைபால் நிரப்பிவிடலாம் என்று எவரும் கூறார். ஆயினும், ஆசிரியர் குறைந்த இடத்திலேதான் பாடங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் மிகுதியும் வேண்டப்படுகின்றது. இரண்டாகப் பிரித்து இருமுறை கற்பிப்பதைவிட ஒன்றாக இணைத்துக் கற்பிப்பது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மாங்காய்க்குப் பதிலாகத் தேயிலை என்றெழுதிவிட்டாற் கணக்கு மலையகத்துக்கு உரியதாகிவிடாது. பிரதேச எடுத்துக்காட்டு என்னும் பெயரில் வெளியாகும் பயிற்சிகள் பல, பெயர்மாற்றத்துக்கு அப்பாற் செல்வதில்லை. எடுத்துக்காட்டு தன் உள்ளமைப்பாலேயே கருத்தைச் சுமத்தல் வேண்டும். கொழுந்துக் கணக்கில் பெருக்கற்பலன் மாறாதிருப்பதும், நிழலிற் கூம்பு வெட்டப்படுவதும் அத்தகையன. அவற்றை நீக்கினால் பாடமே இல்லாதொழியும்.

கணிதத்தில் சித்தியடைதல் தோட்டத்துப் பிள்ளைக்கு உயர்கல்வியின் வாயில் என்பது பலராலும் கூறப்பட்டது. அது உண்மையே. ஆனால் சித்தியடையாது தோட்டத்திலேயே தங்கிவிடும் பிள்ளைக்கும் கணிதம் கடமைப்பட்டுள்ளது. அதிபரவளைவை விளங்கிக்கொண்ட ஒருவர், ஒரு மலைக்கு 30 பேரை அனுப்பிவிட்டு ஒவ்வொருவரிடமும் 18 கிலோ கேட்கப்படும் நாளில், கொழுந்து மடுவத்துத் தராசின் முன் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை; மலையில் இருந்த கொழுந்து எவ்வளவு, அனுப்பப்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்கலாம். அவ்வினாவைக் கேட்கும் ஆற்றலைப் பத்தாந் தரத்திலேயே அளித்துவிடுதல் இயலும். அதற்கு வேண்டியது புதிய பாடமன்று; ஏற்கெனவே உள்ள இரு பாடங்களுக்கு இடையே ஒரு வரைபுத்தாள்.